புதுச்சேரிக் குருமடம்: 177 ஆண்டுத் தாமதம்

1934ஆம் ஆண்டு ஏரியூர் வட்டாரக் கத்தோலிக்கரை இரண்டு வகையில் தொட்டது. அந்த ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்தது. காவிரி தேங்கி நின்றதில் ஊர்கள் மூழ்கின. நாகமரைக்கு எதிர்க்கரையில், பண்ணவாடிப் பக்கம், ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒரு கிறிஸ்தவக் கோயிலும் நீருக்குள் போயின. அணை வற்றும் கோடையில் நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். பரிசலில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். அதே ஆண்டில்தான், புதுச்சேரியில் 156 ஆண்டுகள் இருந்த குருமடம் பெங்களூர் மல்லேசுவரத்துக்கு இடம் மாறியது. இன்று புனித பேதுரு பாப்பிறைக் குருமடம் என்று அறியப்படுவது அதுதான். அணையின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். குருமடத்தின் கதை கோயிலுக்குப் போகிறவர்களுக்கே தெரியாது. ஆனால் 1930இல் சேலம் மறைமாவட்டம் பிறக்கும்வரை நம் பக்கத்துக் கத்தோலிக்கர் பெரும்பாலும் புதுச்சேரியின் ஆளுகைக்குள் இருந்தவர்கள். இங்கே வந்து பூசை வைத்த சாமியார் ஒன்று பாரிஸிலிருந்து வந்திருப்பார், இல்லையென்றால் அந்தக் குருமடத்திலிருந்து வந்திருப்பார். ஆகவே அதை எடைபோட நமக்கு உரிமை உண்டு.

இத்தகைய நிறுவனங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வயதைச் சொல்வார்கள், எத்தனை பேருக்குக் குருப்பட்டம் கிடைத்தது என்பார்கள், அவர்களில் ஆயர்களானவர்களைப் பட்டியல் போடுவார்கள். இந்த அளவுகோல் போதாது. ஒரு குருமடம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கத்தை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும். இங்கே அந்த நோக்கம் எழுத்தில் இருக்கிறது. பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் முதல் ஆயர்களைக் கீழைநாடுகளுக்கு அனுப்பும்போது, 1659இல், ரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் அவர்களுக்கு ஓர் அறிவுரை கொடுத்தது. உள்நாட்டு இளைஞர்களைத் தேர்ந்து குருக்களாக உருவாக்குவதே உங்களை அனுப்புவதன் முதல் காரணம். விசுவாசத்தைக் கொண்டுபோங்கள், உங்கள் நாட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள் என்பது அதன் சாரம். அந்தச் சபை பிறந்ததே இதற்காகத்தான். அவர்கள் சயாமின் அயுத்தியாவில் 1665இல் ஒரு பொதுக் குருமடத்தைத் தொடங்கினார்கள்.

அந்தப் பொதுக் குருமடம் சில காலம் தமிழ்க் கரையிலும் இருந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. பர்மியப் படை அயுத்தியாவை அழித்தபோது மாணவர்கள் ஓடினார்கள். கம்போடியக் கரையோரம் சில ஆண்டுகள் தங்கினார்கள். அங்கேயும் நிலைக்க முடியாமல், பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற இளம் மிஷனரியின் பொறுப்பில் 1770இல் புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். மீனவக் குப்பத்தில், சீனத்திலும் சயாமிலும் கொச்சின்சீனாவிலும் பிறந்த பையன்கள் லத்தீன் படித்தார்கள். 1782இல் அது மூடப்பட்டது. 1808இல் பினாங்கில் மறுபடி திறந்தது. அது தமிழ்ப் பையன்களுக்கான குருமடம் அல்ல. ஆனால் குருமடம் என்றால் எப்படி இருக்கும் என்பதைப் புதுச்சேரிக்குக் காட்டியது அதுதான்.

தமிழ்ப் பையன்களுக்கானது 1778இல் வந்தது. பின்னணி நெருக்கடியானது. 1773இல் பாப்பரசர் சேசு சபையைக் கலைத்துவிட்டார். மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களில் பல தலைமுறையாக உழைத்த சேசு சபையார் தாயில்லாப் பிள்ளைகளானார்கள். 1776இல் அந்தப் பரப்பு முழுவதும் பாரிஸ் சபையின் கைக்கு வந்தது. சயாமில் ஆயராக இருந்த பிரிகோ அதன் தலைவரானார். கையில் இருந்த குருக்கள் சொற்பம், பரப்போ கிருஷ்ணாவிலிருந்து காவிரி தாண்டி விரிந்தது. குருமடம் தொடங்கிய அதே 1778இல் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தான். குண்டு விழும் ஊரில் பையன்களைச் சேர்த்து இலக்கணம் நடத்தத் தொடங்கியவர்களின் நெஞ்சுரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1793இல் புதுச்சேரி மறுபடி ஆங்கிலேயர் வசம் போனது. பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸின் தாய் வீடே மூடப்பட்டது. புதிய மிஷனரிகள் வருவது ஏறக்குறைய நின்றது. அந்த இருபது ஆண்டுகளையும் கடந்து குருமடம் என்ற எண்ணம் அணையாமல் நின்றதே ஒரு சாதனை. இந்தக் கணக்கில் அதற்கு முழு மதிப்பெண்.

இனி அது என்ன கற்பித்தது என்று பார்க்கலாம். 1846இல் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் ஓர் அகராதி அச்சானது: லத்தீன், பிரெஞ்சு, தமிழ். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் லத்தீன் சொல், அடுத்து பிரெஞ்சில் பொருள், கடைசியில் தமிழ். பூசை லத்தீனில், திருச்சபைச் சட்டம் லத்தீனில், தத்துவமும் இறையியலும் லத்தீனில். எனவே பத்துப் பன்னிரண்டு வயதில் சேர்ந்த பையன் முதலில் ஏற வேண்டிய மலை லத்தீன். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. பிரெஞ்சுக்காரரும் தமிழரும் ஒரே நூலை ஒரே மொழியில் படித்தபோது, குறைந்தது படிப்பில் சமம் என்ற நிலை வந்தது. லத்தீன் தெரியாத உள்நாட்டுக் குருவை அரைக் குருவாகத்தான் நடத்தியிருப்பார்கள். இதை மறுக்க முடியாது. ஆனால் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கே வந்து தேம்பாவணி பாடும் அளவுக்குத் தமிழ் கற்றார். தமிழ்நாட்டில் பிறந்த குருமாணவன் தன் வளரும் வயதையெல்லாம் லத்தீன் விகுதிகளில் செலவிட்டான். இது புதுச்சேரிக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. கொழும்புக் குருமடத்திலும் ரோமையிலும் படித்து 1938இல் குருப்பட்டம் பெற்ற சேவியர் தனிநாயகம், பல ஐரோப்பிய மொழிகள் கைவந்த பிறகு, வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக வந்துதான் தமிழைப் புதிதாகக் கற்க உட்கார்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பின்னாளில் உலகத் தமிழ் ஆராய்ச்சியை ஒருங்கிணைத்தவருக்கே தமிழ் குருமடத்துக்கு வெளியேதான் கிடைத்தது. அவரைப் போல் தேடிப் போகாத மற்றவர்களின் நிலையை நாமே ஊகிக்கலாம்.

ஊருக்குள் இதன் விளைவு எப்படி இருந்தது? மிஷன் காலத்துக் கிராமத்தில் சாமியார் ஆண்டுக்கு ஒரு சில தடவை வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தது, சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தது, பிணத்தை அடக்கியது, சண்டையைத் தீர்த்தது, எல்லாம் உபதேசியார். அவர் லத்தீன் படிக்காதவர், குருமடம் காணாதவர். ஊர் மொழியில் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். குருமடத்தின் வரலாற்றில் அவருக்கு ஓர் அத்தியாயம் உண்டு. ஏனென்றால் குருமடம் நிரப்பத் தவறிய இடத்தை அவர் நிரப்பினார்.

முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1844இல் ஆயர் கிளெமான் பொன்னாந்து புதுச்சேரியில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். உள்நாட்டுக் குருக்கள், பள்ளிகள், குருமடம் ஆகியவை அதன் மையம். இன்றும் புதுச்சேரியில் இயங்கும் பெத்தி செமினேர் பள்ளி அந்த ஆண்டின் குழந்தை. அதே ஆண்டில் குருமடத்துக்குத் தலைவராக வந்தவர் மரியோன் பிரெசியாக். 1842இல் இந்தியா வந்து, சேலம் பகுதியில் சிறிது காலம் பணி பழகியவர். நம் பக்கத்து வெயிலும் மண்பாதையும் பார்த்தவர் என்று சொல்லலாம். உள்நாட்டுக் குருக்கள் இல்லாமல் இந்தியத் திருச்சபை என்று ஒன்று உருவாகவே முடியாது என்பதில் அவர் அளவுக்குத் தீவிரமாக அந்தக் காலத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். உடனிருந்த மிஷனரிகள் பலர் அதை ஏற்கவில்லை. தமிழ்க் குருக்கள் நல்லவர்கள்தான், ஆனால் நமக்குக் கீழே இருந்தால் போதும் என்பது அவர்கள் நிலை.

சங்கத்தின் முடிவுகளை ரோமைக்கு எடுத்துச்சென்ற லுக்கே என்ற இளம் மிஷனரி, அங்கே உள்நாட்டுக் குருக்களுக்காக வலுவாக வாதாடினார். பலன் கிடைத்தது. 1845 நவம்பர் 23 அன்று விசுவாசப் பரப்புதல் பேராயம் ஓர் உத்தரவு வெளியிட்டது. உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும், அவர்களை ஆயர் பதவிக்கும் தகுதியாக்க வேண்டும், மிஷனரிகளுக்கு வெறும் துணையாட்களாக வைத்திருக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஆனால் அந்த லுக்கேயைப் புதுச்சேரிக்குக் கூட்டு ஆயராக்கியபோது, இங்கிருந்த மிஷனரிகளின் எதிர்ப்பால் அவர் வந்து பொறுப்பேற்க முடியவில்லை. பிரெசியாக் கோயம்புத்தூருக்குப் போனார், அங்கே அப்போஸ்தலிக்க விகாரானார். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரம் பொறுப்பது என்ற மலபார் சடங்குப் பிரச்சினையில் மனச்சாட்சி உறுத்தி 1855இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவுக்கென ஒரு சபையைத் தொடங்கினார். 1859இல் ஃப்ரீடவுனில் இறங்கிச் சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். புதுச்சேரிக் குருமடத்தின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த இருவரின் கதை. குருமடத்தின் நோக்கத்தை முழுதாக நம்பியவர்கள் இரண்டு பேர். இருவரும் இங்கே நிலைக்கவில்லை.

பிறகு நடந்ததைத் தேதிகளே சொல்லும். 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. லவுனான் முதல் பேராயர். அடுத்து வந்தவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. கடைசி பிரெஞ்சுப் பேராயர் கோலா 1955இல் விலகியபோதுதான் அம்புரோஸ் ராயப்பன் வந்தார். குருமடம் தொடங்கி 177 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த ஊரின் ஆயர் இருக்கையில் ஒரு தமிழர். இடையில் ரோமை சும்மா இருக்கவில்லை. 1893இல் பதின்மூன்றாம் சிங்கராயர், இந்தியாவின் மீட்புக்கு இந்திய மைந்தரே பணியாளர் என்ற கருத்தில் கண்டி அம்பிட்டியவில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். 1919இல் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அதே கருத்தை இன்னும் கடுமையாகச் சொன்னார். 1659, 1845, 1893, 1919: ஒரே கட்டளையை நான்கு முறை போட வேண்டியிருந்தது என்றால், அது நிறைவேற்றப்படவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

மிஷனரிகள் தரப்பு வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். போர்கள் வந்தன, பணம் பாரிஸிலிருந்துதான் வந்தது, நல்ல மாணவர் கிடைப்பது அரிது, அவசரப்பட்டால் சபை சிதறும் என்றார்கள். இவற்றில் முதல் மூன்றும் 1815 வரை செல்லும். அதற்குப் பிறகு செல்லாது. நான்காவது ஒருபோதும் செல்லாது. ஏனென்றால் எதிர்ச்சான்று கடலுக்கு அப்பால் இருந்தது. டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு 1687இல் கோவாவின் யோசேப் வாஸ் மாறுவேடத்தில் போனார். அவரும் அவர் பின்னால் போன கோவா அருட்பணியாளர்களும் உடனிருந்து மேற்பார்க்கும் ஐரோப்பியர் யாரும் இல்லாமல் அந்தத் திருச்சபையை உயிர்ப்பித்தார்கள். அவர்களில் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். புதுச்சேரிக் குருமடம் பிறப்பதற்கு 90 ஆண்டுகள் முன்பே இந்தியக் குருக்கள் ஒரு நாட்டின் திருச்சபையைத் தனியாக நடத்திக் காட்டியிருக்கிறார்கள். இந்தியர் இன்னும் பக்குவப்படவில்லை என்று 1850இல் சொன்னவர்களுக்கு அந்தச் செய்தி தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

பாரிஸ் சபைக்குள்ளேயே வேறு வழி இருந்தது என்பதற்கு இன்னொரு சான்று கும்பகோணம். புதுச்சேரியிலிருந்து 1899இல் பிரிந்த அந்த மறைமாவட்டத்துக்கு 1931இல் உள்நாட்டவரான பீட்டர் பிரான்சிஸ் ஆயரானார். தூத்துக்குடியில் அதற்கும் முன்பே, 1923இல், உள்நாட்டவரான திபூர்சியஸ் ரோச் ஆயராகிவிட்டார். சேலத்துக்கு 1949இல் செல்வநாதர் வந்தார்; ஏரியூர் மக்களுக்குத் தமிழர் ஒருவர் ஆயரானது அப்போதுதான். இந்த நான்கில், தாய்க் குருமடம் இருந்த புதுச்சேரிதான் கடைசியாக விட்டுக்கொடுத்தது.

அடுத்தது சாதி. மிஷனரிகளை மட்டும் குற்றம் சொல்லித் தமிழர்கள் தப்பிக்க முடியாத இடம் இது. 19ஆம் நூற்றாண்டில் குருமடத்தின் கதவு பெரும்பாலும் சாதிக் கிறித்தவர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கே திறந்தது. தாழ்த்தப்பட்டவர் என ஒதுக்கிவைக்கப்பட்ட பெரும்பான்மைக் கத்தோலிக்கரின் வீட்டுப் பிள்ளை பீடம் ஏறுவதை ஊர்ப் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஏற்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி வருகிறது: புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரை, அம்மக்களின் முறையீட்டைக் கேட்டு, பாதிரியார் இடிக்கச் செய்தார், சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு தலையிட வேண்டியிருந்தது. எதிர்ப்பு எவ்வளவு கடுமை என்பதற்கு அது சான்று. ஆனால் சுவரை இடிக்க முடியும் என்பதற்கும் அதுவே சான்று. குருமடம் தொடங்குவதற்கு 33 ஆண்டுகள் முன்பே இது நடந்தது. தெற்கே வடக்கன்குளத்தில் சுவர் 1910இல் விழுந்தது. அங்கும் அடிதடி, வழக்கு எல்லாம் நடந்தன, சுவர் மறுபடி எழவில்லை. மக்களின் எதிர்ப்பை அஞ்சிப் பின்வாங்கிய இடங்களில் அந்த அச்சம் மிஷனரிகளுக்கு ஒரு வசதியாகவும் இருந்தது. உயர்சாதிப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களையும் துணையாட்களாக வைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டு அநீதிகளும் ஒன்றையொன்று தாங்கின என்பதே என் முடிவு.

பெங்களூருக்குப் போன கதைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தென்னகத்து மறைமாவட்டங்களுக்குப் பொதுவான பெரிய குருமடம் வேண்டும் என்ற எண்ணம் சரியானதே. நல்ல நூலகம், பல மொழி மாணவர்களின் பழக்கம், பின்னாளில் பட்டம் வழங்கும் இறையியல் நிறுவனம் எல்லாம் அதனால் வந்தன. தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த இரு சகோதரர்கள் அங்கே படித்தார்கள். மூத்தவர் சைமன் லூர்துசாமி பெங்களூர்ப் பேராயராகி, கர்தினாலாகி, ரோமையில் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்துக்குத் தலைவரானார். இளையவர் அமலோற்பவதாஸ் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இந்திய வழிபாட்டையும் மறைக்கல்வியையும் புதுப்பித்தார். இந்த மண்ணின் வழிபாட்டு மரபுகளைப் பீடத்துக்குக் கொண்டுவந்ததற்காக வசையும் வாங்கினார். குருமடம் மனிதரை நம்பி விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இருவரே போதும். அதேசமயம், கர்நாடகத் திருச்சபையைப் பல பத்தாண்டுகள் பிளந்த மொழிப்பகை அந்த நகரத்துக் குருக்களிடையே ஊறியிருந்தது. 2013இல் ஈஸ்டரை ஒட்டிய இரவில் குருமடத்தின் அதிபர் கே.ஜே. தாமஸ் வளாகத்துக்குள்ளேயே கொலை செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அந்த வழக்கில் குருக்களும் கைதானார்கள். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் குருக்களை உருவாக்கும் வீட்டின் வரலாற்றை எழுதுகிறவர் இந்த இரவைத் தாண்டிக் குதித்துவிட்டு எழுதினால் அது வரலாறாகாது.

என் தீர்ப்பு இது. 1778இல் புதுச்சேரியில் தொடங்கிய குருமடம் குருக்களை உருவாக்குவதில் வெற்றி பெற்றது. குருக்களிடம் திருச்சபையை ஒப்படைப்பதில் ஒன்றே முக்கால் நூற்றாண்டு தோற்றது. முதல் 40 ஆண்டுகளின் குறைக்குக் காலத்தைக் குற்றம் சொல்லலாம். 1845க்குப் பிறகான 110 ஆண்டுகளுக்கு மன்னிப்பு இல்லை. கட்டளை கையில் இருந்தது, வழிகாட்டிகள் இருந்தார்கள், பக்கத்து மறைமாவட்டங்கள் செய்து காட்டின. அந்தத் தாமதத்தின் பொறுப்பு குருமாணவர்களுடையது அல்ல, அவர்களை நம்ப மறுத்த மேலாண்மையினுடையது. மொழிக் குறை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டைத் திறந்தபின் பெருமளவு நீங்கியது. சாதிக் குறை நீங்கவில்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நடப்பதை ஒப்புக்கொண்டது. வெள்ளையர் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு வந்த ஒப்புதல் அது; அதற்கு பாரிஸைக் கைகாட்ட முடியாது. ஆகவே இன்றைய குருமடத்தை நான் ஒரே ஒரு கேள்வியால் அளப்பேன்: 1997இல் பிறந்த தருமபுரி போன்ற ஒரு மறைமாவட்டத்தின் சேரிப் பங்கிலிருந்து வரும் பையன், குருப்பட்டம் வாங்கிய பிறகு எந்தப் பங்குக்கு அனுப்பப்படுகிறான், எந்தப் பொறுப்புவரை போக விடப்படுகிறான்? சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயர் இருப்பது மட்டும் எனக்குப் போதாது. 1845இன் தமிழ்க் குருக்களின் பெயர்களும் பதிவேட்டில் இருந்தன.